பேத்தை மீன் சமைத்த ஞாயிறு

கிக்குயோவுக்குக் கடல் என்றாலே குடலைப் புரட்டும். பிறந்தது ஜப்பானின் நகானோ மலையில். பன்னிரண்டு வயதிலிருந்து சுவா ஏரிக்கரைப் பட்டு ஆலையில் கூடு அவித்து நூல் இழுத்தவள். அந்த ஏரியைவிடப் பெரிய தண்ணீரை அவள் பத்தொன்பது வயதுவரை பார்த்ததில்லை. பிறகு ஒரு தரகர் வந்தார். பிரேசிலுக்குக் கப்பலேறப்போகும் குடும்பம் ஒன்று இருக்கிறது, வேலை செய்யக்கூடிய மூன்று பேர் இருந்தால்தான் சீட்டு கொடுப்பார்கள், அண்ணனும் தம்பியும் தயார், மூன்றாவதாக ஒரு மருமகள் வேண்டும் என்றார். அந்தத் தம்பிதான் சாக்குஜி. ஷிமோனோசெக்கித் துறைமுகத்துக்காரன். கல்யாணமான பதினோராம் நாள் கப்பல். ஐம்பது நாளும் அவள் வாளியைக் கட்டிக்கொண்டு கீழே கிடந்தாள். அவன் மேல்தளத்தில் நின்று பறக்கும் மீன்களைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தான்.

எப்படியோ பத்து வருஷம் ஓடிவிட்டது. 1934இல் அவர்கள் ரிபெய்ரா ஆற்றங்கரையில், காற்று திரும்பினால் கடல் வாசனை வருகிற தூரத்தில் நெல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் குடும்பம் சாவோ பவுலோவுக்குப் போய்விட்டது. இவர்களுக்கு ஒரே பெண், நோபுவே, ஆறு வயது.

அந்தப் பக்கத்து ஜப்பானியர்கள் எல்லோருக்கும் கிக்குயோவின் சமையலறை தெரியும். கல்யாணக் கிமோனோவின் இடுப்புப்பட்டைக்குள் அவள் தைத்துக் கொண்டுவந்த ஒரு பொட்டலம் பொடி, சோற்றில் பூசணம் பூக்கவைக்கும் வித்து. அதை வைத்து உள்ளூர் அவரையிலேயே மிசோ என்கிற புளித்த விழுது போட்டாள். காய்ப் பப்பாளியை அந்த மிசோவுக்குள் புதைத்து ஊறுகாய் எடுத்தாள். சௌசௌவை உப்பில் அமுக்கினாள். ஊறுகாய்க்கென்றே இருக்கிற புளிப்பான உமே பழம் இந்த மண்ணில் கிடைக்காது. புளிச்சைச் செடியின் சிவந்த இதழை உப்பிலிட்டு வெயிலில் காயவைத்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றால் உமேதான் என்று சொல்லவைத்தாள். நாக்கு செத்துப்போச்சு என்று கிண்ணத்தோடு வந்து நிற்காத ஆள் அந்த ஆற்றோரத்தில் இல்லை. பிள்ளைத்தாய்ச்சிகள் வருவார்கள், காய்ச்சல்காரர்கள் வருவார்கள். அவள் யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

வீட்டிலிருந்த ஒருவனுடைய ஆசையை மட்டும் அவளால் தீர்க்க முடியவில்லை. குளிர் தொடங்கினால் சாக்குஜிக்குப் பேத்தை மீன் ஞாபகம் வந்துவிடும். அவன் ஊரில் குளிர்காலம் என்றால் பேத்தைதான். ஊதினால் பந்து போலாகும் அந்த மீனில் விஷம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் தின்பார்கள். இந்த நாட்டிலோ குளிர் ஜூனில் வருகிறது. ஜூன் வந்தால் அவன் சட்டியை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுவான்.

அந்த ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஆற்றுமேல் மூடுபனி இன்னும் விலகவில்லை, சாக்குஜி ஒரு கூடையோடு ஓடிவந்தான். பின்னாலேயே பக்கத்து வீட்டு மீனவர் இனோசென்சியோ வந்தார்.

"கிக்குயோ, பாரு! பேத்தை! நம்மூர் பேத்தையேதான்!"

கூடைக்குள் மூன்று மீன்கள் வயிற்றை உப்பிக்கொண்டு கிடந்தன. ஒன்று பல்லை நறநறத்தது.

"நம்மூரா? உங்க ஊருன்னு சொல்லுங்க. எங்க ஊருல இத நாய்கூட மோந்து பாக்காது."

"உங்க மலை நாய்க்கு மீன்னா என்னன்னு தெரிஞ்சாத்தானே?"

இனோசென்சியோவுக்குப் பேச்சு புரியாவிட்டாலும் சாக்குஜியின் முகம் புரிந்தது. "சாக்கு, சதைய மட்டும் தின்னு," என்றார் போர்த்துகீசில். "உள்ள இருக்கறத ஆத்துல எறிஞ்சிடு. எங்க மாமா ஒருத்தரு இதோட முட்டையத் தின்னாரு. மறுநாள் அவருக்கு விடியல."

"எங்கப்பா இத அறுக்கறத ஆயிரம் தடவ பாத்தவன் நான்," என்றான் சாக்குஜி.

அவன் அப்பா மீன்சந்தையில் கூடை சுமந்தவர். கத்தி பிடித்தவர் இல்லை. அது கிக்குயோவுக்குத் தெரியும். ஆனால் வெளியாள் முன்னால் புருஷனைச் சிறுமைப்படுத்த வாய் வரவில்லை.

அவன் ஆற்றங்கரையிலேயே உட்கார்ந்து அறுத்தான். தோலை உரித்தான், குடலையும் முட்டையையும் எறிந்தான். ஈரலை மட்டும் எறியவில்லை. வெளிர்மஞ்சளாக, வெண்ணெய் போல இருந்தது. அதைத் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசினான். ரத்தம் போனால் விஷம் போச்சு என்றான்.

"அது வேணாங்க," என்றாள் கிக்குயோ. "சதை போதும். அது வேணாம்."

"ஈரல் இல்லாத பேத்தை, மாப்பிள்ளை இல்லாத கல்யாணம்."

"எனக்குப் பயமா இருக்கு."

"மலைக்காரிக்கு எதப் பாத்தாதான் பயமில்ல? தண்ணியப் பாத்தா பயம், படகப் பாத்தா பயம். பத்து வருஷமா பயந்துக்கிட்டே இருக்கியே, நீ பயந்ததுல ஏதாவது ஒண்ணு நடந்திருக்கா?"

உண்மையிலேயே எதுவும் நடந்திருக்கவில்லை. ஈரலை வாங்கி அவள் கையாலேயே மிசோக் குழம்பில் போட்டாள். பிற்பாடு எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சமாதானம் சொன்னார்கள். அந்தக் கையை அவள் மன்னிக்கவே இல்லை.

குழம்பு கொதித்தது. உப்பு பார்க்க ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டாள். பழக்கம்தான், நினைத்துச் செய்ததில்லை. விழுங்கிய பிறகுதான் கரண்டியைப் பார்த்தாள்.

"பிள்ளைக்கு இப்ப குடுக்காத," என்றான் சாக்குஜி, சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு. "நான் தின்னு ஒரு மணி நேரம் போகட்டும்."

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு நிஜமான பயம் பிடித்தது. அப்படியானால் இவனுக்கும் தெரிந்திருக்கிறது.

அவன் கண்ணில் தண்ணீர் வரத் தின்றான். சட்டி காலியானது. வாயைத் துடைத்துக்கொண்டு உதட்டைத் தடவிப் பார்த்தான். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. இதான் கிக்குயோ! இதான் அந்த ருசி!" என்று சிரித்தான். சிறிது நேரத்தில் விரல் நுனியும் மரத்துப்போகிறது என்றான். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். எழுந்து வாசலுக்குப் போக நினைத்தவன் முழங்கால் மடங்கி, நெல் மூட்டை சாய்வதுபோல் சாய்ந்தான்.

"என்னங்க!"

"பயப்ப... பயப்பதாத..." நாக்கு தடித்துவிட்டது. சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிருந்தது.

அவள் அவன் வாயில் விரலை விட்டாள். கொஞ்சம் வாந்தி வந்தது, போதவில்லை. உப்புத் தண்ணீரைப் புகட்டப் பார்த்தாள், விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்தது. இருநூறு அடி தள்ளி இருந்த இனோசென்சியோ வீட்டுக்குச் செருப்பில்லாமல் ஓடினாள். அவர் மனைவி ஜெனெரோசா அந்த ஆற்றோரத்து மருத்துவச்சி. நோபுவேயைப் பிடித்து வெளியே எடுத்ததும் அவள்தான்.

பயத்தில் கிக்குயோவுக்குத் தெரிந்த நாலு போர்த்துகீசுச் சொல்லும் மறந்துபோனது. "அவரு... மீனு... உள்ள இருக்கறது... தின்னாரு!"

ஜெனெரோசா அடுப்பில் இருந்த சட்டியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். "கடவுளே! யோவ், படக எடு. டாக்டரக் கூட்டியா, ஓடு!"

ஜப்பானிய மருத்துவர் ஆற்றின் மேற்பக்கம் இருந்தார். எதிர்நீரில் துடுப்புப் போட்டுப் போய்க் கூட்டிவரச் சாயங்காலமாகும். இனோசென்சியோ படகைத் தள்ளினார்.

இரண்டு பெண்களும் திரும்பி வந்தபோது சாக்குஜியின் கைகால்கள் துணி போலக் கிடந்தன. கண் பாதி திறந்திருந்தது. மூச்சு மேலுக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நோபுவே உட்கார்ந்து அப்பாவின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா பேச மாட்டேங்கறாரு. கொழம்பு நல்லாருந்துச்சாப்பான்னு கேட்டேன்."

"நீ எதையும் தொடலியே?"

பிள்ளை தலையைக் குனிந்தது. "சட்டிய வழிச்சு... ஒரே ஒரு வெரலு."

கிக்குயோ பிள்ளையின் வாயிலும் விரலை விட்டு வாந்தியெடுக்க வைத்தாள். பிள்ளை கதறியது. கதறுவதே அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. நாக்கு தடித்தவர்களால் அப்படிக் கதற முடியாது. வாசல்படியில், தான் பார்க்கிற இடத்தில் அவளை உட்காரவைத்தாள்.

"ஒண்ணுலேருந்து எண்ணு. சத்தமா. நான் நிறுத்தச் சொல்றவரைக்கும் நிறுத்தக் கூடாது."

"எவ்ளோ வரைக்கும்மா?"

"நூறு முடிஞ்சா திரும்ப ஒண்ணு. எண்ணு!"

பிள்ளை எண்ணத் தொடங்கியது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் கிக்குயோ புருஷன் பக்கம் திரும்பினாள். அப்போது அவன் மூச்சு நின்றுபோனது.

ஒரு முனகல்கூட இல்லை. நெஞ்சு இறங்கியது, ஏறவில்லை.

பட்டு ஆலையில் இருந்தபோது ஒரு குளிர்காலத்தில் ஏரியில் விழுந்த பெண் ஒருத்தியைக் கரையேற்றினார்கள். ஆலைக் கண்காணி அவளை மல்லாத்தி, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, திரும்ப மடக்கி நெஞ்சின்மேல் அமுக்கினார். கொஞ்ச நேரம் செய்துவிட்டு, போச்சு என்று எழுந்துவிட்டார். அந்தப் பெண் கிக்குயோவின் பக்கத்துத் தொட்டியில் வேலை செய்தவள். அவர் இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமோ என்று கிக்குயோ பல வருஷம் யோசித்திருக்கிறாள். இப்போது அவள் சாக்குஜியின் தலைமாட்டில் மண்டியிட்டு அவன் மணிக்கட்டுகளைப் பிடித்துத் தூக்கினாள், மடக்கி அமுக்கினாள். திரும்பத் தூக்கினாள்.

ஜெனெரோசாவுக்கு ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. "அழாம வர்ற புள்ளைக்கு நான் செய்றது மாதிரியா? நகரு, தோனா கிக்கா, நான் ஊதுறேன்." கிக்குயோ அம்மா என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள். அவன் மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள். நெஞ்சு ஏறியது. கிக்குயோ அமுக்கினாள். இறங்கியது.

முப்பத்தேழு, முப்பத்தெட்டு, என்றது பிள்ளை.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. மூடுபனி விலகி, வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்து, திரும்ப வெளியே போனது. ஜெனெரோசா களைத்தால் கிக்குயோ ஊதினாள், கிக்குயோவின் தோள் விட்டுப்போனால் ஜெனெரோசா கையைத் தூக்கினாள். இடையில் கிக்குயோவின் உதடு குறுகுறுத்தது. பயத்தினால் வருவதா, அந்த ஒரு கரண்டியால் வருவதா? உதட்டைக் கடித்துப் பார்த்தாள். வலித்தது. சற்றுக் கழித்துத் திரும்பக் கடித்தாள். தானும் இப்படியே விழுந்துவிட்டால் ஒரே ஆளாக ஜெனெரோசா எத்தனை பேருக்கு மூச்சு விடுவாள்? புருஷனுக்கா, பிள்ளைக்கா, தனக்கா? அந்தக் கேள்வி வந்த ஒவ்வொரு முறையும் உதட்டைக் கடித்ததில் மோவாயில் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது.

மதியம் தாண்டியதும் ஜெனெரோசா அவன் இமையைத் திறந்து பார்த்தாள். கண்மணி அசையவில்லை. உள்ளங்காலை நகத்தால் கீறினாள். ஒன்றுமில்லை. அவள் எழுந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

"தோனா கிக்கா, போதும்மா. அவரு போயிட்டாரு."

"இல்ல."

"நாம ஊதுறதுதான் உள்ள போய் வெளிய வருது. அவரு மூச்சு இல்ல அது. நானும் எத்தனையோ சாவு பாத்தவ. ஆத்துமா தவிக்கக் கூடாது. ஒரு துணி குடு, தாடையக் கட்டிடலாம்." அவள் மடியிலிருந்து ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்துக் கொளுத்தி அவன் தலைமாட்டில் வைத்தாள்.

கிக்குயோவின் கை நின்றது. அந்த அமைதியில்தான் வேறொன்று உறைத்தது. எண்ணும் சத்தம் கேட்கவில்லை.

வாசல்படியில் நோபுவே தூணில் சாய்ந்து, வாய் திறந்து கிடந்தாள்.

கிக்குயோ எப்படி அங்கே போனாள் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளையைப் பிடித்து உலுக்கினாள். தலை இங்கும் அங்கும் ஆடியது. "நோபுவே! நோபு!"

பிள்ளை கண்ணைத் திறந்து சிணுங்கியது. "இந்தத் தடவ அறுவது வரைக்கும் எண்ணினேம்மா. தூக்கம் வந்துருச்சு."

"விரல மடக்கு. நீட்டு. ஓடு, கிணத்து வரைக்கும் ஓடிட்டு வா!"

பிள்ளை ஓடியது. நேராகத்தான் ஓடியது. கிக்குயோ திரும்பப் பாய்ந்து வந்து புருஷனின் கழுத்தில் விரலை வைத்தாள். பட்டு நூல் அறுந்ததா இல்லையா என்று கொதிநீருக்குள் விரலாலேயே அறிந்தவள். தோலுக்கு அடியில் மெல்லியதாக ஒன்று துள்ளியது. நின்றது. திரும்பத் துள்ளியது.

ஜெனெரோசாவின் விரலை இழுத்து அதே இடத்தில் வைத்தாள். "அடிக்குது. செத்தவனுக்கு அடிக்குமா?"

இரண்டு துடிப்பு உணரும்வரை ஜெனெரோசா விரலை எடுக்கவில்லை. பிறகு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள், அதே மூச்சைச் சேர்த்துக்கொண்டு அவன் வாயருகே குனிந்தாள்.

அதற்குப் பிறகு கிக்குயோ பேசிக்கொண்டே இருந்தாள். ஜெனெரோசாவுக்குப் புரியாத மொழியில், கையைத் தூக்கும்போது ஒரு சொல், அமுக்கும்போது ஒரு சொல். "மூணாவது ஆளு வேணும்னு கூட்டியாந்தீங்க. கல்யாணம்னு சொல்லிக் கூட்டியாந்தீங்க. எனக்கு ஒங்களப் புடிக்கக்கூட இல்ல அப்ப. இப்ப என்னைய இங்க விட்டுட்டுப் போவீங்களா? நான் எங்க போவேன்? திரும்பிப் போகணும்னாலும் அந்தக் கடல்லதானே போகணும்? மூச்சு விடுங்க. ஒரு ஈரலுக்காகச் சாவீங்களா? வெக்கமா இல்ல? மூச்சு விடுங்க!"

வெயில் சிவந்தது. கோழிகள் தாமாகவே அடைந்தன. அப்போதுதான் சாக்குஜியின் தொண்டையில் ஏதோ ஏறி இறங்கியது. எச்சில் விழுங்கினான். கிக்குயோ நம்பவில்லை. பிறகு அவர்கள் ஊதாத ஒரு மூச்சு வந்தது, அரைகுறையாக, விக்கல் மாதிரி. அடுத்தது வருமா என்று இரண்டு பெண்களும் தங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். வந்தது.

மருத்துவர் வந்தபோது விளக்கேற்றியிருந்தது. நாடி பார்த்தார், மார்பில் காது வைத்தார், இரண்டு பெண்களின் கைகளையும் பார்த்தார். கிக்குயோவின் உள்ளங்கை தோலுரிந்து கிடந்தது.

"எத்தனை மணி நேரம்?"

"காலையிலேருந்து," என்றாள்.

"நடுவுல விட்டிருந்தா போயிருப்பாரு," என்றார். வேறு மருந்து எதுவும் தன்னிடம் இல்லை என்றும் சொன்னார். விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் உச்சிவேளையில் சாக்குஜிக்குப் பேச்சு வந்தது. கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த கிக்குயோவின் கையை அவன் பார்த்தபடியே இருந்தான்.

"எல்லாம் கேட்டுச்சு," என்றான்.

கரண்டி பாதியில் நின்றது. "என்ன கேட்டுச்சு?"

"எல்லாம். கண்ணத் திறக்க முடியல, வெரல அசைக்க முடியல. காது மட்டும் கேட்டுச்சு. தாடையக் கட்டத் துணி கேட்டாளே ஜெனெரோசா, அப்ப கத்தினேன். என் தலைக்குள்ளயே கத்தினேன். இப்படியே பொதைச்சிடுவாங்கன்னு..." பறக்கும் மீனுக்குக் கைதட்டியவன், முதல்முதலாக அவள் எதிரில் அழுதான். "நீ கைய நிறுத்தினியே, அந்த நேரம் எவ்ளோ இருக்கும்?"

"பிள்ளையப் பாக்கப் போனேன்."

"தெரியும். அதுவும் கேட்டுச்சு. ஆனா எனக்கு அது ஒரு வருஷம்."

தன்னைப் பிடிக்கவில்லை என்று அவள் சொன்னதைப் பற்றி அவன் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவளும் அதை எடுக்கவில்லை.

அதன்பிறகு பல மாதம் கிக்குயோவால் சமையலை வாயில் வைத்துப் பார்க்க முடியவில்லை. கரண்டி உதட்டுக்கு வந்ததும் கீழே வைத்துவிடுவாள். கண்மதிப்பில் உப்பு போட்டாள். ஒரு நாள் உப்புக் கரிக்கும், ஒரு நாள் சப்பென்றிருக்கும். ஊறுகாய்க்கு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். சாக்குஜி எது வைத்தாலும் தலை நிமிராமல் தின்றான். நோபுவே தின்று முடித்தால் மட்டும் கிக்குயோ அவளை எண்ணச் சொல்வாள். பத்து வரைக்கும் எண்ணிவிட்டு விளையாடப் போகலாம்.

நெல் அறுத்து முடித்த ஒரு நாள் ஜெனெரோசா வந்து கூட உட்கார்ந்து மிசோச் சாறு குடித்தாள். அவளுக்கு அது எப்போதோ பழகிவிட்டது. ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"ஏ கிக்கா, எங்க ஊட்டுக்காரரு மீனு கழுவுன தண்ணிகூட இதவிட நல்லாருக்கும். நாக்க அடகு வெச்சுட்டியா?"

சாக்குஜி பதறி, "நல்லாத்தான் இருக்கு, நல்லாத்தான் இருக்கு," என்றான்.

கிக்குயோவுக்கு எங்கிருந்தோ சுருக்கென்று கோபம் வந்தது. ஜெனெரோசாவின் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தாள். உண்மைதான், வாயில் வைக்க முடியவில்லை. உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு போய் மிசோப் பானையைத் திறந்து ஒரு கரண்டி அள்ளிவந்து சட்டியில் கரைத்தாள், திரும்பவும் ருசி பார்த்தாள்.

சாக்குஜி அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருஷம் இருந்தான். இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தன, இரண்டையும் ஜெனெரோசாதான் பிடித்தாள், இரண்டுக்கும் ஞானத்தாயும் ஆனாள். கிக்குயோ வீட்டில் ஆற்றுமீன் மட்டும்தான். அதுவும் தலையோடு முழுசாக வர வேண்டும், அவள் ஒரு குச்சியால் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்ப்பாள். நோபுவே தையல் படிக்கச் சாவோ பவுலோவுக்குப் போனபோது, வாரம் ஒரு கடிதமாவது போட வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. முதல் கடிதத்தில் அவள், இங்கே ஊறுகாய் கிடைக்கவில்லை, பப்பாளி ஊறுகாய் அனுப்பு என்று எழுதியிருந்தாள். கிக்குயோ இரண்டு ஜாடி நிறையப் போட்டு, வாயைத் துணியால் இறுகக் கட்டி அனுப்பினாள். கூடவே ஒரு சீட்டு: "வெளியே யார் மீன் கொடுத்தாலும் வாங்காதே. பெரியப்பா வீட்டில் கொடுத்தாலும் வாங்காதே. என் கையெழுத்து கோணலாக இருக்கிறது, படகு கிளம்புகிறது, அவசரமாக எழுதுகிறேன்."